கரையான் அரித்த இடத்தில் எழுதுவது

சிதம்பரத்தில் தேவார ஏடுகள் கிடைத்த கதையைத் தமிழ் எம்.ஏ. படித்த எவரும் ஓர் ஐந்து மார்க் கேள்வியாகத் தாண்டி வந்திருப்பார்கள். ஏடுகள் கோயிலுக்குள் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். அரசன் வாதம் செய்துகொண்டு நிற்கவில்லை. மூவருடைய உருவங்களையும் அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, இதோ வந்துவிட்டார்கள், திறங்கள் என்கிறான். திறந்தால் புற்று. எண்ணெய் ஊற்றிக் கரைத்து எடுத்தால் பெரும்பகுதி கரையானுக்குப் போயிருக்கிறது. இந்தக் காலத்துக்கு வேண்டியது மிஞ்சியிருக்கிறது என்று அசரீரி ஆறுதல் சொல்கிறது.

பக்தர்கள் இதை மீட்பின் கதையாக வாசிக்கிறார்கள். வரலாற்றுக்காரர்கள், சோழ அதிகாரம் பக்தி இலக்கியத்தைத் தொகுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டதன் குறிப்பாக வாசிக்கிறார்கள். இரண்டும் இருக்கட்டும். எனக்கு இதில் உறுத்துகிற விஷயங்கள் வேறு. பிரதியின் கதவைத் திறந்தது ஒரு நாடகம். வராதவர்களை வந்ததாக நடித்துக் காட்டிய பிறகுதான் ஏடு கைக்கு வந்தது. வந்த ஏடும் ஓட்டைகளோடு வந்தது. அந்த ஓட்டைகளில் யார் எழுதலாம் என்ற கேள்வியைத் தமிழில் உரைகாரர்களும் காலட்சேபக்காரர்களும் சினிமாக்காரர்களும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு ஓட்டை இருப்பதையே காட்டவில்லை. முழுசாக இருப்பது போன்ற ஒரு கதையைக் கொடுத்து, மனப்பாடம் செய் என்றார்கள்.

இதை யோசிக்க யூதர்களிடம் போக வேண்டியிருக்கிறது. தோரா என்பது அவர்களுடைய ஐந்து ஆகமங்கள். நம் தமிழ் பைபிளின் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை. அதைச் சுற்றி நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த விளக்க மரபுக்கு மித்ராஷ் என்று பெயர். தேடு, விசாரி, கேட்டுப் பார் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல். நம்முடைய உரை மரபோடு ஒப்பிடலாம், ஆனால் ஒன்றில்லை. நம் உரைகாரர் இருக்கிற சொல்லுக்குப் பொருள் சொல்வார். மித்ராஷ்காரர் இல்லாத சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆதியாகமம் 22இல் ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்கக் கூட்டிப் போகிறான். தாய் சாராள் எங்கே? அதிகாரம் முழுவதும் அவள் பெயர் இல்லை. அடுத்த அதிகாரம் தொடங்கியதும் செத்துப் போகிறாள். மித்ராஷ் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது: மகன் பலிக்குப் போன சேதி கேட்டுத்தான் அவள் உயிர் போனது. இன்னொரு கணக்கும் போடுகிறார்கள். சாராள் ஈசாக்கைப் பெற்றது 90 வயதில், செத்தது 127இல். கழித்துப் பார். அப்படியானால் பலிபீடத்தில் கிடந்தவனுக்கு 37 வயது. சின்னப் பையன் இல்லை, தெரிந்தே படுத்திருக்கிறான். ஒரு கழித்தல் கணக்கில் கதை முழுவதும் புரண்டு படுத்துவிடுகிறது.

தோரா கறுப்புத் தீயால் வெள்ளைத் தீயின்மேல் எழுதப்பட்டது என்று ஒரு பழைய யூதக் கருத்து உண்டு. எழுத்து கறுப்புத் தீ. எழுத்துக்கு நடுவிலுள்ள வெற்றிடம் வெள்ளைத் தீ. அதுவும் வாசிக்க வேண்டியதுதான். நமக்கு இது கரையான் அரித்த இடம்.

இதைக் குழந்தைகளிடம் கொண்டுபோகிற வேலையையும் அவர்கள் விடவில்லை. பஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்டால்தான் கதை தொடங்கும். எகிப்திலிருந்து தானே புறப்பட்டு வந்தது போல ஒவ்வொருவரும் எண்ண வேண்டும் என்பது அந்த இரவின் விதி. ‘அவர்கள் போனார்கள்’ என்று சொன்னால் செல்லாது, ‘நாங்கள் வந்தோம்’ என்று சொல்ல வேண்டும். பூரிம் நாளில் எஸ்தர் கதையை வாசிக்கும்போது ஆமான் பெயர் வரும் இடத்திலெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றிக் கூச்சல் போட்டு அந்தப் பெயரை அமுக்குகிறார்கள். நம் பக்கத்திலேயே கொச்சியில், யூதப் பெண்கள் வேதக் கதைகளை மலையாளப் பாட்டுகளாக்கி நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துப் பாடி வந்தார்கள். 1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். நோட்டுகளும் கூடப் போயின. அண்மைக் காலத்தில் இதற்கு வகுப்பறை முறை ஒன்றும் வகுத்திருக்கிறார்கள். பீட்டர் பிட்செல் 1998இல் வெளியிட்ட நூலொன்றில் அதை விவரிக்கிறார். கதையை ஓரிடத்தில் நிறுத்துவது. அங்கே நிற்கும் பாத்திரமாக மாறி ‘நான்’ என்று பேசச் சொல்வது. ஆளாக இருக்க வேண்டியதில்லை, ஆட்டுக்கடாவாகவும் கத்தியாகவும் பேசலாம். பேசி முடித்ததும் மூலத்துக்குத் திரும்புவது. எளிய முறைதான். ஆனால் அந்தக் கடைசிப் படியை மறந்துவிடக் கூடாது. பிறகு வருகிறேன்.

நம் பள்ளிகளில் நாடகம் இல்லையா? இருக்கிறது. ஆண்டுவிழா வந்தால் தருமி வந்துவிடுவார். 1965இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘திருவிளையாடல்’ படத்தின் தருமி – நக்கீரர் காட்சியைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் மேடையேற்றாத பள்ளிக்கூடம் இருக்குமா என்பது சந்தேகம். பிள்ளைகள் நன்றாகத்தான் செய்கிறார்கள். நாகேஷின் இழுவை, தோளில் துண்டு, எல்லாம் அச்சு. ஆனால் அந்த மேடையில் ஒரு வாக்கியமாவது அந்தப் பிள்ளையினுடையதா? கடவுளோடு வாதாடுகிற காட்சியை, வாதாடவே இடமில்லாத முறையில் நடிக்கச் சொல்லித் தருகிறோம். தால்முத்தில் இதற்கு இணையான கதை ஒன்று உண்டு. ஓர் அடுப்பைப் பற்றி வழக்கு. வானத்திலிருந்து குரல் வந்து ஒரு பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது. சட்டம் இப்போது வானத்தில் இல்லை, எங்களிடம் இருக்கிறது என்று எழுந்து நிற்கிறார் ஒரு ரபி. கடவுள் சிரித்து, பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்றாராம். நம் நக்கீரரோ வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். மன்னிப்புக் கேட்டுத்தான் கரையேற வேண்டியிருக்கிறது. (தால்முத் கதையிலும் தோற்றவரை விலக்கி வைத்தார்கள். அவர்களுடையது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை.)

இதைவிடச் சுதந்திரமான நாடகம் தெருவில் இருக்கிறது. பழைய தென்னார்க்காடு கூத்தின் மண். துரியோதனன் வேஷம் தர்பாருக்குள் நுழைந்ததும் யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்கிறவன் கட்டியக்காரன். அரசனைக் கேலி செய்வான், வசனத்தைத் திருப்பிப் போடுவான், நேற்று ஊரில் நடந்ததைப் பாரதத்துக்குள் கொண்டுவந்து சொருகுவான். பாரதம் கெட்டுப் போய்விடவில்லை. மித்ராஷ் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. “நீ கட்டியக்காரன். இந்த இடத்தில் என்ன கேட்பாய்?” என்றால் போதும். கடலூர்ப் பக்கத்துச் சர்ச்சுகளில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறார்களே, அதில் ‘இடமில்லை’ என்று கதவைச் சாத்துகிற சத்திரக்காரன் உண்டு. லூக்காவில் அப்படி ஓர் ஆளே கிடையாது. சத்திரத்தில் இடமில்லை என்ற தகவல்தான் உண்டு. அந்த ஒரு தகவலுக்குள்ளிருந்து ஓர் ஆளை உண்டாக்கியது நாடகம்.

நந்தனுக்கு வருவோம். சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு எந்தக் கதையிலிருந்து தொடங்குவது?

நந்தன் கதை மித்ராஷ் அடுக்குகளால் ஆனது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் ஒரு பெயரும் ஓர் அடைமொழியும் தருகிறார், அவ்வளவுதான். நம்பியாண்டார் நம்பி ஓர் அந்தாதிச் செய்யுளாக நீட்டுகிறார். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதை நாற்பதைத் தொடாத பாடல்களில் புராணமாக்குகிறார். அதற்கப்புறம் நூற்றாண்டுகள் கழித்து, 1860களின் தொடக்கத்தில், கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனை அச்சாகி வருகிறது. இன்று நந்தன் கதை என்றால் தமிழர்கள் நினைத்துக்கொள்கிற முக்கால்வாசி அவருடையது. நிலச்சுவான்தார் வேதியர், தில்லைக்குப் போக அனுமதி கேட்டுக் கெஞ்சும் பண்ணையாள், ஒரே இரவில் சிவகணங்கள் நட்டு அறுத்துக் கொடுத்த நாற்பது வேலி நெல், கடைசியில் மனம் திரும்பும் எஜமான் – எதுவும் சேக்கிழாரில் இல்லை. பிறகு அயோத்திதாசர் நந்தனைச் சூழ்ச்சியால் கொல்லப்பட்ட பௌத்த அரசனாக எழுதினார். புதுமைப்பித்தன் 1934இல் ‘புதிய நந்த’னை ஆதனூருக்கே கொண்டுபோய் ரயிலுக்குக் கொடுத்தார். 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாக வந்தார்கள். இந்திரா பார்த்தசாரதி 1978இல் ‘நந்தன் கதை’யைப் பறையாட்டமும் பரதமும் மோதுகிற நாடகமாக்கினார்.

பாரதியின் சேர்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை. வேதியர் வந்ததால் சாதிக்கு ஒரு முகம் கிடைத்தது. உழைப்பும் நெல்லும் அடிமைப் பண்ணையமும் கதைக்குள் வந்தன. சேக்கிழார் பேசாத இடத்தில் பாரதி பேசினார், அது பெரிய காரியம். அதே சமயம் குற்றம் கோயில் மதிலிலிருந்து பெயர்ந்து ஒரு தனிமனிதனின் கல்நெஞ்சுக்கு இடம் மாறிவிட்டது. அவன் திருந்திவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது போல. நிரப்பல் எப்போதும் விடுதலையாக இருக்க வேண்டியதில்லை. ஓட்டையை எதைக் கொண்டு அடைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இத்தனை பேர் எழுதிய வரிசையில் விடுபட்டவர்கள் யார் என்று தேடப் போய்தான் சேக்கிழாரின் முதல் சில பாடல்களுக்குத் திரும்பினேன். எம்.ஏ. வகுப்பில் அவற்றை ‘வருணனை’ என்று சொல்லித் தள்ளிவிட்டோம். ஆதனூர்ப் புலைப்பாடி. முற்றத்தில் கோழிக்குஞ்சுகள் சுற்றுகின்றன. கையில் இரும்பு வளையல் போட்ட கறுத்த சிறுவர்கள் துள்ளுகிற நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அரையில் கட்டிய இரும்பு மணிச் சத்தத்தில் குட்டிகளின் மெல்லிய குரைப்பு அமுங்கிப் போகிறது. மருத மரத்து நிழலில் தோல்மேல் ஒரு குழந்தையைக் கிடத்தித் தூங்கவைக்கிறாள் ஓர் உழத்தி. மாமரத்தில் பறைகள் தொங்குகின்றன. எவ்வளவு கூர்மையான கண்! அடுத்து நந்தன் வருகிறான். அதன்பின் இந்தப் பிள்ளைகளைக் காணவில்லை. நந்தன் திருப்புன்கூர் போகிறபோது பின்னால் ஓடிவந்தார்களா? தில்லைக்குப் போய்த் திரும்பாதபோது யார் போய் அவர்களிடம் சொன்னது? சொன்னவர் எப்படிச் சொன்னார் – சாமியோடு கலந்துவிட்டார் என்றா, எரிந்துபோனார் என்றா? ஒரு வெள்ளைத் தீ எட்டு நூற்றாண்டுக்கு மேலாக அங்கேயே எரிந்துகொண்டிருக்கிறது.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு சேரியில் மாலை வகுப்பு நடத்தும் நண்பர்களோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தோம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேர். தால்முத்தின் அச்சுப் பக்கத்தில் மூலம் நடுவில் இருக்கும், விளக்கங்கள் சுற்றிலும் ஓடும். அந்த அமைப்பைத் திருடிக்கொண்டோம். பெரிய சார்ட் தாளின் நடுவில் சேக்கிழார் சொன்ன சம்பவத்தை எளிய உரைநடையில் நாலைந்து வரி எழுதி ஒட்டினோம். சுற்றிலும் வெறும் தாள். அங்கே பிள்ளைகள் எழுதலாம். நடுவில் இருப்பதைத் திருத்தக் கூடாது, அடிக்கவும் கூடாது. இது ஒன்றுதான் விதி.

முதல் தாள் திருப்புன்கூர். நந்தன் வாசலில் நிற்கிறான், நந்தி மறைக்கிறது, சாமி சொல்லி நந்தி நகர்கிறது. ஒரு பையன் கையைத் தூக்கினான். “நந்திய நகரச் சொன்ன சாமி, ‘உள்ள வா’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?” சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இதற்குப் பதில் கைவசம் இருக்கும். எனக்கு இல்லை. எழுது என்றேன். அவன் நந்தியாக எழுதினான். நந்தி சொல்கிறது: நான் நகர்ந்தது அவருக்காக இல்லை, சாமிக்கு அவரைப் பார்க்க வேண்டியிருந்தது, நான் மறைத்துக்கொண்டிருந்தேன். நூற்றாண்டுகளாக ‘நந்தன் பார்த்தான்’ என்றுதான் படித்து வருகிறோம்.

இரண்டாவது தாள், நந்தன் கோயில்களுக்குக் கொடுத்த பொருள்கள்: பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. தோல் உள்ளே போகிறது, ஆள் வெளியே. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பெரியவர்களான நாங்கள்தான் அரை மணி நேரம் பேசி வீணடித்தோம். ஒரு பெண் “நந்தனுக்கு அம்மா இல்லியா அண்ணா?” என்று கேட்டாள். சாராளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. சேக்கிழாரில் தாய் இல்லை. மரத்தடியில் பிள்ளையைத் தூங்கவைத்த உழத்திதான் இருக்கிறாள். அவளையே அம்மாவாக்கிக்கொண்டு, அந்தத் தோலை எடுத்து ‘இது நம்ம புள்ள படுத்த தோலு, கோயிலுக்குக் குடுக்காத’ என்று சண்டை போடுவதாக ஒரு பக்கம் எழுதினாள். எழுத்துப் பிழைகள் நிறைய. உ.வே.சா. சொல்லியிருக்கிறார்: கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில் பிழைகள் இருப்பதால் சிறப்புப்பாயிரம் கொடுக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தயங்கினாராம். எங்களுக்குத் தயக்கம் வரவில்லை.

மூன்றாவது தாளில்தான் சிக்கல். தீ.

சேக்கிழாரின்படி தெற்கு மதில் வாயிலுக்கு வெளியே நெருப்புக்குழி. இந்தப் பிறவி கழிய எரியில் மூழ்கி வா என்று கனவில் ஆணை. மூழ்கியவன் பூணூல் மார்போடு முனிவனாக எழுகிறான். நாடகமாக்கலாம் என்று பேச்சு வந்ததும் யார் நந்தன் என்ற கேள்வி வந்தது. சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வந்த ஒரு தாய் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “எத்தினி நாளைக்குத்தான் எங்க புள்ளைங்களே எரியணும்?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மித்ராஷ் கோட்பாடு முட்டிக்கொள்கிற இடம் இது. தோரா யூதர்களுடைய பிரதி. அவர்களே பாத்திரங்கள், அவர்களே வாசகர்கள். எகிப்திலிருந்து நானே வந்தேன் என்று சொல்கிற குழந்தைக்கு அந்தக் கதை ஒரு சொத்து. பெரியபுராணம் சேரிப் பிள்ளைக்கு அப்படியா? அவர்களைப் பற்றியது, அவர்களுடையது இல்லை. ‘நானே’ என்று சொல்லச் சொன்னால் அவன் எதற்குள் போய் நிற்பான்? தன் பிறவியைக் குற்றமென்று ஒத்துக்கொள்கிற வாக்கியத்துக்குள். மேலைநாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்துக்கொண்டு ‘பாத்திரத்துக்குள் புகு’ என்று ஊக்குவிக்கிற வாத்தியார், நல்ல மனசோடுதான், பிள்ளையைக் குழிக்குள் இறக்குகிறார். சரி, வேறு சாதிப் பிள்ளையை நந்தனாகப் போடுவதா? 1935இல் ஒரு பெண் நந்தனாக நடித்துப் படம் ஓடியது. வேஷத்துக்குச் சாதியும் பாலும் இல்லை என்பது கூத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் கலந்து உட்காரும் பள்ளிக்கூடத்தில், மற்ற சாதிப் பையன் அழுதுகொண்டே எரிந்து கைதட்டு வாங்க, நந்தன் சாதிப் பையன் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் எனக்குச் சகிக்கவில்லை.

நாங்கள் செய்தது: நந்தனை யாரும் நடிக்கவில்லை. தரையில் ஒரு துண்டு விரித்தோம். அது நந்தன் நிற்கிற இடம். மற்றதெல்லாம் பேசும். மதில் பேசியது, குழி பேசியது, விறகு பேசியது, நாய்க்குட்டி தூக்கிய பையன்கள் பேசினார்கள். தீயாக எழுதிய பெண்ணின் தீ முதல் வரியிலேயே ‘நான் தொட்டேன்’ என்று சாட்சி சொன்னது. தொடக் கூடாதவனை முதன்முதல் தொட்டது தான்தான் என்று அதற்குப் பெருமை, அப்புறம் தொட்டதால் என்ன ஆயிற்று என்று பார்த்து அழுகை. கனவில் ஆணையிட்ட குரலை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

இங்கே தோழர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும், வந்தது. எதற்கய்யா இந்தப் புராணக் குப்பையைக் குழந்தைகளிடம் கொண்டுபோகிறாய்? நந்தன் கொல்லப்பட்டான், மதிலை இடி என்று நேராக ஒரு நாடகம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயேன். நியாயமான எரிச்சல்தான். தெற்கு வாயில் பக்கம் அடைத்திருப்பது நந்தன் நுழைந்த வழிதான், அதைத் திற என்று இதே ஊரில் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட ஆறுமுகசாமி 2008 மார்ச் 2இல் போலீஸ் காவலோடு போக வேண்டியிருந்தது. புராணம் செத்துப் போன சரக்கு இல்லை என்பதற்கு இதுவே போதும். ஆனால் நான் பார்த்த பிரச்சார நாடகங்களிலும் பிள்ளை வேறொருவர் எழுதிய வசனத்தைத்தான் நெட்டுருப் போட்டு ஒப்பிக்கிறது. தருமியின் இடத்தில் புரட்சிக்காரன், அவ்வளவே. முஷ்டி உயரும், எழுதியது அண்ணன். வகுப்பில் நந்தியாக எழுதினானே, அவனிடம் அந்த வசனத்தைக் கொடுத்திருந்தால் அவன் நன்றாகவே கத்தியிருப்பான். சாமிக்கு அவரைப் பார்க்க வேண்டியிருந்தது என்ற வாக்கியம் பிறந்திருக்காது.

கொள்கை அளவில் நான் மூலத்தை எரிக்கவும் சொல்லவில்லை, பூசிக்கவும் சொல்லவில்லை. நடுவில் ஒட்டி வைக்கச் சொல்கிறேன். பிட்செல் முறையின் கடைசிப் படி என்று சொன்னேனே, அது இதுதான்: இது சேக்கிழார் சொன்னது, இது நீ சொன்னது என்று பிரித்துக் காட்டிவிடுவது. யூதர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். தகப்பன் தேராகின் விக்கிரகக் கடையை ஆபிரகாம் அடித்து நொறுக்கி, பெரிய சிலையின் கையில் தடியை வைத்துவிட்டு, ‘இவர்தான் உடைத்தார்’ என்று சொன்ன கதை மித்ராஷில் வருவது, தோராவில் இல்லை. அங்கே அனேகம் பிள்ளைகள் அதை வேதத்திலேயே இருப்பதாக நினைத்து வளர்கிறார்கள். (1953 மே 27இல் பிள்ளையாரை உடைத்த பெரியாருக்கு இப்படி ஓர் அண்ணன் இருப்பது நம் சுயமரியாதைக்காரர்களுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்.) இங்கேயும் வேதியர் சேக்கிழாரிலேயே இருக்கிறார் என்று நம்புகிறவர்கள் எவ்வளவு பேர்! கோடு அழிந்தால் நிரப்பலும் இன்னொரு மூலமாகி உட்கார்ந்துகொள்ளும், அடுத்தவன் எழுத இடமிருக்காது.

சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். எரிந்தவன் பெயரைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்தார். பிள்ளைகள் அதற்குள் போனார்கள், போன உடம்போடேயே வெளியே வந்தார்கள். நந்தன் கதைக்கு எழுதப்பட்ட நிரப்பல்களில் செங்கல்லால் எழுதியது அது. அதை இலக்கிய விமர்சகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

சேரிக்கு மட்டும்தான் இந்த வேலையா என்றும் கேட்பார்கள். இல்லை. சிறுத்தொண்டர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சீராளனைத் தகப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருகிறார், தாய் காலைப் பிடித்துக்கொள்ள அறுக்கிறார். கடைசியில் கூப்பிட்டதும் பள்ளியிலிருந்து ஓடிவருகிறவன் போல வருகிறான் பிள்ளை. டேவிட் ஷுல்மன் 1993இல் இதை ஈசாக்கு கதையோடு வைத்து ஒரு முழு நூலே எழுதினார். அங்கே தாய் காணாமல் போகிறாள், இங்கே தாய் கூடவே இருக்கிறாள், எது கொடுமை? மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் ‘நேத்து ஏன் பாதியில போன?’ என்று கேட்டால் சீராளன் என்ன சொல்வான்? எந்தச் சாதிப் பிள்ளைக்கும் இந்தக் கேள்வியைக் கொடுக்கலாம். பெற்றோர்கள் பயப்படுவார்கள், பயப்பட வேண்டியதுதான்.

அடுத்து கடலூரில் செய்யலாமென்று இருக்கிறோம். திருப்பாதிரிப்புலியூர் கரைக்குத்தான் அப்பர் கல்லோடு மிதந்து வந்து சேர்ந்தார் என்கிறது புராணம். கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. நிலத்தின்மேல் எழுதிய உரை. பிள்ளைகளுக்குக் கதை தெரியும். தெரியாதது அதே ஊரின் இன்னொரு பெயர்: பாடலிபுத்திரம். இங்கே சமணப் பள்ளி இருந்தது. லோகவிபாகம் என்ற பிரபஞ்சவியல் நூலை 458இல் சர்வநந்தி பாடலிகாவில் எழுதினார் என்று அந்த நூலின் பிற்காலச் சமஸ்கிருத வடிவம் சொல்கிறது. அந்தப் பாடலிகா இந்த ஊர்தான் என்கிறார்கள். அப்பரும் அங்கே தருமசேனராகப் படித்து உயர்ந்தவர். மனம் மாறிய பல்லவ அரசன் பாடலிபுத்திரத்துச் சமணக் கட்டடங்களை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்று சேக்கிழாரே பெருமையாகச் சொல்கிறார். அப்பரைக் கரையேற்றிய கூட்டத்தில் அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பு மாணவன் ஒருவன் நின்றிருந்தால்? செங்கடலில் எகிப்தியர் மூழ்கும்போது தேவதூதர்கள் பாடத் தொடங்க, என் கையால் படைத்தவை முங்கிக்கொண்டிருக்கையில் பாட்டா என்று கடவுள் கண்டித்ததாக யூதர்கள் சொல்வார்கள். ஜெயித்தவர்கள் எழுதிய நிரப்பல் அது, ஆனாலும் எழுதினார்கள். நம் சைவத்தில் அப்படி ஒன்று எழுதப்படவில்லை.

மேல்சித்தாமூர்ப் பக்கம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் நாலு பேரையும் திருப்பாதிரிப்புலியூர்ப் பிள்ளைகளோடு ஒரே தாளைச் சுற்றி உட்காரவைக்க முடியுமா என்று நண்பர்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். தாளின் நடுவில் எதை ஒட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. அப்பர் கரையேறியது என்கிறார் ஒருவர். கல் இடம் மாறியது என்கிறேன் நான்.